கொடிக் கம்பியும் ஐந்து வாட்டும்

"ஏன் டீச்சர், துணி காயப் போட இவ்வளவு உசரத்திலயா கம்பி கட்டுவாங்க?"

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாங்கள் குடியிருந்தவரை இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. பால்காரர் கேட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற தம்பி கேட்டான், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த உறவுக்காரர்களும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். "ரேடியோ ஏரியல்" என்று சொன்னால், "இந்தக் காலத்திலயும் ரேடியோ கேக்கிறீங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். "கேட்கிறது மட்டுமில்லீங்க, நானும் பேசுவேன்" என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்!

சகோதரிகளே, தையல், தோட்டம், கோலம் என்று நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. எனக்கு வாய்த்தது ஹாம் ரேடியோ. அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு சின்ன வயர்லெஸ் நிலையத்தை வீட்டிலேயே வைத்து, உலகத்தில் நம்மைப் போலவே லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களோடு பேசுவது. காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. இதிலும் நான் சேர்ந்திருப்பது ஒரு தனிக் கூட்டம். எங்களுக்கு 'க்யூ.ஆர்.பி.' என்று பெயர். வயர்லெஸ் பாஷையில் 'சக்தியைக் குறைத்துக்கொள்' என்பதற்கான குறி அது. 5 வாட்டுக்கு மேல் போவதில்லை என்று நாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

5 வாட் என்றால் எவ்வளவு? அந்தக் காலத்தில் படுக்கை அறையில் 'ஜீரோ வாட்' பல்பு என்று ஒன்று போடுவோமே, நினைவிருக்கிறதா? பெயர்தான் ஜீரோ. உண்மையில் 12 முதல் 15 வாட் வரை கரண்ட் இழுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் நான் ஆகாயத்தில் விடுவது. அதை வைத்துக்கொண்டு இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு பேசியிருக்கிறேன். 7,000 கிலோமீட்டருக்கு மேல்! அன்றைக்கு 3 வாட்தான் வைத்திருந்தேன். எங்கள் கூட்டத்தில் ஒரு வாட்டுக்கு 1,000 மைல் எட்டினவர்களுக்கு விருது உண்டு. சிக்கனத்துக்கு விருது கொடுக்கிற வேறு பொழுதுபோக்கு இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

நான் உயர்நிலைப்பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பைத்தியம் பிடித்தது சுனாமிக்குப் பிறகு. அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேலை. 2004 டிசம்பர் 26-ம் தேதியைப் பற்றி அந்தப் பக்கத்தில் இருந்தவர்களிடம் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பின் வந்த நாட்களில் பத்திரிகையில் ஒரு செய்தி படித்தேன். பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹைதராபாத்தில் இருக்கும் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோவின் சிறு குழுவோடு அந்த மாதம் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ ஒலித்துப் பல வருஷம் ஆகியிருந்ததால் உலகம் முழுக்க அவருடைய அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். 26-ம் தேதி காலை பூமி குலுங்கியது. டெலிபோன் போயிற்று. அவர் பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, அதே பெட்டியில் தீவுச் செய்திகளைக் கரைக்குச் சொல்ல ஆரம்பித்தார். யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வழியாகத்தான் கிடைத்தது.

ஒரு பெண், ஒரு மேஜை, ஒரு பேட்டரி. செய்தியைக் கத்தரித்து விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம், பெண்ணின் படிப்பு, மாமியாரின் சர்க்கரை வியாதி என்று வருஷங்கள் ஓடி, பரீட்சை எழுதியது 2012-ல்தான்.

பரீட்சை என்றதும் பயப்பட வேண்டாம். ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பகுதி, சட்டதிட்டங்கள் ஒரு பகுதி. பிளஸ் டூ பிசிக்ஸ் படித்தவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படிக்காதவர்களும் இரண்டு மாதம் உட்கார்ந்தால் போதும். 'ரெஸ்ட்ரிக்டட்', 'ஜெனரல்' என்று இரண்டு வகை லைசென்ஸ். ஜெனரல் வேண்டுமென்றால் தந்தி பாஷை, அதாவது மோர்ஸ், நிமிடத்துக்கு 8 வார்த்தை தெரிய வேண்டும். எனக்கு மோர்ஸ்தான் பிடித்தது.

மோர்ஸைப் புள்ளி, கோடு என்று பேப்பரில் எழுதி மனப்பாடம் செய்பவர்கள்தான் பாதியில் விடுவார்கள். அது கண்ணுக்கு வேலையே கிடையாது, காதுக்கு வேலை. மிருதங்கச் சொல் மாதிரி வாயால் சொல்லிப் பழக வேண்டும். 'யாராவது இருக்கிறீர்களா?' என்று எல்லோரையும் பொதுவாகக் கூப்பிடுவது 'சி.க்யூ.' அதன் சத்தம் 'டா டி டா டி, டா டா டி டா.' இதைத் தோசைக்குத் திருப்பியைக் கல்லில் தட்டித் தட்டியே பழகினேன். என் மாமியார் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தோசை ஒட்டுதா, இல்ல என் மேல ஏதும் கோவமா?" என்று கேட்டார்!

லைசென்ஸுக்கு நான் விண்ணப்பித்தபோது போலீஸ் விசாரணை இருந்தது. கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "சார், வயர்லெஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறது நீங்களா?" என்றார். இவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். நான் கரண்டியோடு வெளியே வந்தேன். அந்தக் கான்ஸ்டபிள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! கடைசியில் காபி குடித்துவிட்டு, தன் பெண் எட்டாம் வகுப்பு படிப்பதாகவும் அவளுக்கும் இதைச் சொல்லித் தர முடியுமா என்றும் கேட்டுவிட்டுப் போனார். 12 வயது ஆனால் யாரும் எழுதலாம்.

என் முதல் டிரான்ஸ்மிட்டர் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. 'பிக்ஸி' என்று பெயர், அரை வாட். பாகங்களாக வாங்கி நானே ஈயப் பற்று வைத்தது. ஏரியலுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து எனாமல் கம்பி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் நீளம். நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் இழுத்துக் கட்ட வேண்டும். நுனிகளில் மின்சாரம் கசியாமல் இருக்க எதைக் கட்டுவது? கடையில் பீங்கானில் விற்கிறார்கள். நான் என் பெண்ணின் பழைய பிளாஸ்டிக் வளையலைக் கட்டினேன். இன்றுவரை அதுதான். வீட்டுக்குள் இறங்கி வர, கேபிள் டி.வி.க்காரர் மிச்சம் விட்டுப் போன ஒயர். இரண்டாகப் பிரிந்த ஏரியலுக்கு அந்த ஒயர் வெகு பொருத்தம்.

பிறகு கொஞ்சம் பெரிய பெட்டிக்குப் போனேன். ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்ற பெட்டி உலகம் முழுக்க எங்கள் கூட்டத்தில் பிரசித்தம். உள்ளூரில் கிடைக்கிற மலிவான பாகங்களில் யாரும் செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் யோசனையே. அதைப் பிற்பாடு பலகையாக விற்றபோது, உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கம்பிச் சுருள்களைக் கையால் சுற்றியவர்கள் ஒரு மகளிர் குழுவினர். பட்டாணி மாதிரி வளையத்தில் முடி மாதிரிக் கம்பியைக் கலையாமல் சுற்ற வேண்டும். பூக்கட்டும் கைகளுக்கு இது எம்மாத்திரம்? என் வளையத்தை நானே சுற்றிப் பார்த்தபின்தான் அவர்கள் வேலையின் நேர்த்தி தெரிந்தது.

பக்கத்து ஊர் கேட்காது, பம்பாய் கேட்கும்

"இவ்வளவு சின்னப் பெட்டி எப்படி அவ்வளவு தூரம் போகும்?" என்று என் கணவர் பல நாள் நம்பவில்லை. தலைக்கு மேலே 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் காய்ச்சி வைத்திருக்கிற ஒரு மின்காற்று அடுக்கு இருக்கிறது. நாம் அனுப்பும் அலை அதில் பட்டு, பந்து மாதிரித் திரும்பிப் பூமிக்கு வருகிறது. திரும்பி விழுகிற இடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அதனால் பக்கத்துத் திருச்சி கேட்காது, பம்பாய் கேட்கும்!

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். கேட்பவரின் பெட்டியில் சத்தத்தை அளக்க ஒரு முள் உண்டு. அது ஒரு படி ஏற வேண்டுமென்றால் அனுப்புகிறவர் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும். 5 வாட்டை 20 ஆக்கினால் ஒரு படி, 80 ஆக்கினால் இரண்டு படி. அப்படியானால் 100 வாட்காரர் என்னைவிட இரண்டு படியும் கொஞ்சமும்தானே உசத்தி? அந்த இரண்டு படியைப் பொறுமையாலும் நல்ல கம்பியாலும் சரிக்கட்டிவிடலாம் என்பதுதான் எங்கள் கட்சி. சரிக்கட்ட முடியாத நாட்களும் உண்டு. அரை மணி நேரம் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், போய் ரசத்துக்குப் புளி கரைத்த நாட்கள் எத்தனையோ.

சூரியனுக்கும் மூட் உண்டு. ஏறத்தாழ 11 வருஷத்துக்கு ஒரு முறை உச்சத்துக்குப் போய் இறங்கும். 2019 வாக்கில் அடிமட்டம். 2024-ல் உச்சத்தில் இருந்தபோது 2 வாட்டில்கூட ஜப்பான் கொட்டும்.

தினசரி என் வண்டி இப்படி ஓடும்: காலை ஐந்தரைக்குப் பால் வருமுன் அரை மணி நேரம். சாயந்திரம் விளக்கு வைக்கும் வேளையில் இன்னொரு அரை மணி. இருட்டும் வெளிச்சமும் மாறுகிற அந்த நேரத்தில் அலைகள் எங்கெங்கோ போகும். ஒவ்வொரு தொடர்பையும் நோட்டில் தேதி, நேரம், சத்தத்தின் அளவு என்று எழுதி வைப்பேன். பேசுவது என்ன பெரிய விஷயம்? பெயர், ஊர், வானிலை, என்ன பெட்டி, எத்தனை வாட். அவ்வளவுதான். அரசியல், மதம் கூடாது. குடும்ப ரகசியமும் முடியாது, ஊரே கேட்டுக்கொண்டிருக்குமே!

ஒரு வேடிக்கை. இந்த உலகத்தில் பெண்கள் எல்லோருக்கும் 'யங் லேடி' என்றுதான் பெயர். எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, நான் யங் லேடி. பன்னிரண்டு வயதுப் பையன் 'ஓல்ட் மேன்'! விடைபெறும்போது எல்லோரும் '73' என்று தட்டுவார்கள், 'வணக்கம், நலமாக இருங்கள்' என்ற மாதிரி. மோர்ஸில் அதைக் கேட்டால் கோலத்தின் இரண்டு பக்கம் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்தது மாதிரி இருக்கும். பெண்ணும் பெண்ணும் பேசினால் '33'. '88' என்றால் அன்பும் முத்தமும். வயதான ரஷ்யர் ஒருவர் மரியாதைக்காக எனக்கு 88 தட்டியதை நோட்டில் எழுதி, அர்த்தத்தை இவரிடம் சொன்னேன். "எத்தனை வாட்டில் குடுத்தான்?" என்று கேட்டார்!

கஜா

2018 நவம்பர் 15-ம் தேதி சாயந்திரம் ரேடியோவில் புயல் எச்சரிக்கை கேட்டுவிட்டு ஏரியலை இறக்கிச் சுருட்டி அரிசி டிரம் மேல் வைத்தேன். 16-ம் தேதி விடியும் முன் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. அந்த இரவின் சத்தத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை. விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் 110 தென்னையில் நின்றது 9. என் மாமனார் கையால் வைத்தவை. மாமியார் ஒன்றும் பேசவில்லை, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கரண்ட் இல்லை. செல் டவர் செத்துவிட்டது. ரோடு முழுக்க மரங்களும் மின்கம்பங்களும். என் பெண் கோயம்புத்தூரில் ஒன்பதாம் மாதம் நிறைகிற கர்ப்பிணி. டி.வி.யில் எங்கள் ஊர்ப் பெயரைக் காட்டிக்கொண்டிருப்பார்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், போன் போட்டால் போகாது. என் கவலை அதுதான்.

மத்தியானம் மழை விட்டதும் கொழுந்தன் பையன், "சித்தி, கம்பியைக் கட்டிடலாமா?" என்றான். இவரும் அவனும் மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு நுனியையும், முறிந்து நின்ற தென்னையில் இன்னொரு நுனியையும் கட்டினார்கள். பேட்டரி அவனுடைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது. 5 வாட் அனுப்ப ஒரு ஆம்பியர் போதும் என்பதால்தான் அந்தச் சின்னப் பேட்டரி தாங்கியது. 100 வாட் பெட்டிக்கு 20 ஆம்பியர் வேண்டும். அதைச் சில நிமிஷத்தில் குடித்துவிட்டிருக்கும்.

நாலு மணிக்கு மேல் ஆயிற்று. கூப்பிடுகிறேன், கேட்கிறேன், கூப்பிடுகிறேன். ஊரில் கரண்டே இல்லாததால் பெட்டியில் ஒரு கரகரப்பும் இல்லை, அவ்வளவு நிசப்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இருபது நிமிஷம் கழித்து மெல்லிசாக ஒரு பதில். புனேயிலிருந்து. மராத்திக்காரர். எங்கள் நிலைமையைச் சொல்லிப் பெண்ணின் போன் நம்பரைக் கொடுத்து, 'எல்லோரும் நலம், வீடு நலம்' என்று சொல்லும்படி கேட்டேன். சாதாரணமாக மூன்றாம் மனிதர்களுக்கு நாங்கள் செய்தி கடத்தக் கூடாது. ஆபத்துக் காலத்தில், மற்ற வசதிகள் அறுந்துபோனால், சட்டமே அனுமதிக்கிறது.

முக்கால் மணி கழித்துத் திரும்ப வந்தார். "உங்கள் பெண் பேசினார். ஒரு செய்தி சொன்னார். எனக்கு அர்த்தம் புரியவில்லை. எழுத்துக் கூட்டிச் சொன்னார், அப்படியே தட்டுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எஸ், ஏ, ஏ, பி, டி, ஈ, ஈ, என், ஜி, ஏ, எல், ஏ. பன்னிரண்டு எழுத்து. எழுதி முடித்துப் பார்த்தால், 'சாப்ட்டீங்களா.'

நான் அழுததைப் பார்த்து மாமியார் பதறிப்போய், "புள்ளைக்கு என்னாச்சு?" என்றார். காகிதத்தைப் படித்துக் காட்டினேன். காலையிலிருந்து வாய் திறக்காதவர், "அவளுக்கு என்ன, கேப்பா. எந்திரிச்சு உலைய வை" என்றார்.

அடுத்த மூன்று நாளில் தெருவில் பதினான்கு வீட்டுச் செய்தி போயிற்று. துபாயில் மகன், திருப்பூரில் மகள், எல்லாம் புனேக்காரரும் அவருடைய நண்பர்களும் போன் போட்டுச் சொன்னவை. பைக்கில் பேட்டரியை மாட்டிக் கால் மணி ஓடவிட்டு சார்ஜ் ஏற்றுவான் பையன். எதிர்வீட்டுப் பெரியவர் வாரம் இரண்டு தடவை தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் போகிறவர். வெள்ளிக்கிழமை முறை தவறிவிட்டது. ரோட்டில் மரம் கிடப்பதைக் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும்படி அன்று ராத்திரியே தட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் மரம் அறுக்கும் ஆட்கள் வந்தார்கள், பெரியவர் வேனில் போனார். என்னால்தான் வந்தார்கள் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை, அந்த ரோடு எப்படியும் அவர்கள் பட்டியலில் இருந்திருக்கும். ஆனால் அவர் வீட்டு அம்மாள் அன்றிலிருந்து எங்கள் கம்பியில் காக்கை உட்கார்ந்தால்கூட விரட்டிவிடுவார்.

வீட்டில் வைப்பவர்கள் கவனிக்க

வீட்டோடு சம்பந்தப்பட்ட சில விஷயங்களை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏரியல் கம்பியைக் கரண்ட் லைனுக்கு அருகில் கட்டவே கூடாது. கம்பி அறுந்து விழுந்தாலும், கட்டும்போது கை நழுவினாலும், லைனைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்குமுன்பே ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். 5 வாட்தானே என்று, அனுப்பும்போது கம்பியின் நுனியைத் தொட்டால் சுருக்கென்று சுடும். குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஈயப் பற்று வைப்பதைச் சாப்பாட்டு மேஜையில் செய்யாதீர்கள். அதிலிருந்து வருகிற புகை, பசையினுடையது. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் கையில் ஒட்டித்தான் வயிற்றுக்குள் போகும், ஆகவே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுப்படிப் பக்கம் வர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளும் சிறு குழந்தைகளும் அந்த நேரத்தில் பக்கத்தில் வேண்டாம். ஹெட்போனில் சத்தத்தை ஏற்றிக் கேட்டால் காது போகும். மெல்லிய சத்தத்தைப் பிடிக்க, சுற்றியிருக்கிற சத்தத்தைக் குறைப்பதுதான் வழி.

அந்தச் சத்தம்தான் இப்போது எங்களுக்குப் பெரிய எதிரி. மிக்ஸி ஓடினால் தெரியும், நின்றதும் போய்விடும். மலிவான எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் அப்படியில்லை, இருபத்துநாலு மணி நேரமும் ரேடியோவில் ஈ மொய்க்கிற மாதிரி 'கொய்ங்' என்று இருக்கும். எந்தப் பல்பு என்று கண்டுபிடிக்க ஒரு யுக்தி: சாதாரணக் கையடக்க டிரான்சிஸ்டரில் மீடியம் வேவ் போட்டு, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்பாக நெருங்குங்கள். இரைச்சல் ஏறுகிற இடத்தில் குற்றவாளி இருக்கும். கோயம்புத்தூரில் எங்கள் அடுத்த வீட்டு வராந்தா பல்பை இப்படிப் பிடித்து, நல்ல பல்பு ஒன்றை நானே வாங்கி மாட்டிக் கொடுத்தேன். அவர்களுக்கு ஒரே ஆச்சரியம், "ஆண்ட்டிக்கு என்ன வேண்டுதலோ!"

ஆமாம், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். மாமியார் 2021-ல் காலமானார். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெண்ணோடு வந்துவிட்டோம். மூன்றாவது மாடி ஃபிளாட். மொட்டை மாடி பொதுச்சொத்து. கம்பி கட்டலாமா என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டபோது, செல் டவர் மாதிரி கதிர்வீச்சு வரும், குழந்தைகளுக்கு ஆகாது என்று ஒரே கூச்சல். மூன்று கூட்டம் நடந்தது. கோபித்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை, பெற்ற தாய்க்குப் பயம் வருவது நியாயம்தானே? லைசென்ஸையும் பெட்டியையும் எடுத்துப் போய் மேஜை மேல் வைத்தேன். ஜீரோ வாட் பல்புக் கணக்கைச் சொன்னேன். "உங்க எல்லார் பையிலயும் இருக்கிற செல்போனை நீங்க காதோட ஒட்டி வெச்சுக்கிறீங்க. என் கம்பி உங்க தலைக்கு மேல எத்தனை அடியில இருக்குன்னு பாருங்க" என்றேன். கடைசியில் ஒரு வருஷத்துக்கு அனுமதி, காலை ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம், யார் வீட்டு டி.வி.யிலாவது கோடு விழுந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் போதும் எனக்கு. 100 வாட் வைத்திருந்தால் இந்த அனுமதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வருஷம் வருகிற மாதம் முடிகிறது. புதுப்பிப்பார்களா, தெரியவில்லை. மறுத்தால் பால்கனிக் கம்பியோடு ஒட்டி வைக்கிற மாதிரி வட்ட ஏரியல் ஒன்றுக்குச் செம்புக் குழாய் விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.

சேர விரும்புகிறவர்களுக்கு: மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைதான் லைசென்ஸ் கொடுக்கிறது, விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' என்ற இணையதளத்தில். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி மாதிரி பல ஊர்களில் சங்கங்கள் உண்டு. பழைய ஹாம்கள் சொல்லித் தருவதற்கு அலுத்துக்கொள்ள மாட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் கேட்டுப் பழகுவதற்கு எஸ்.எஸ்.பி. வசதியுள்ள ஒரு ஷார்ட் வேவ் ரேடியோ போதும். லைசென்ஸ் வருமுன் அனுப்ப மட்டும் கூடாது, அது குற்றம்.

புயலுக்கு அடுத்த மாதம் பிறந்த பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு நான் மோர்ஸ் சொல்லிக் கொடுக்கவில்லை, காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, கதவுக்கு அந்தப் பக்கம் தட்டிற்று: டி டி டி, டி டா, டி டா, டி டா டா டி...

"தட்டினது போதும், வந்து உட்காரு" என்றாள் என் பெண்.